மனத்தின் அடித்தளம் தேடிய வங்க மேதை: டாக்டர் கிரீந்திரசேகர் போஸ்

கனவிலே கல்யாணம் கண்டால் வீட்டில் இழவு விழும், இழவு கண்டால் கல்யாணம் கூடும் என்று எமது தோட்டங்களில் மூத்தோர் பலன் கூறுவர். பல் விழக் கண்டால் உறவிலே ஒருவருக்கு ஆகாது. பாம்பு துரத்தக் கண்டால் ஒரு பலன், கடிக்கக் கண்டால் வேறொரு பலன். விடியற் கருக்கலில் பிரட்டுக்குப் புறப்படுமுன், தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியவாறு எமது அப்பாயி முன்னிரவு கண்ட கனவை ஒப்புவிப்பதையும், பக்கத்துக் காம்பராவிலிருந்து அதற்கு உடனே பலன் வருவதையும் கேட்டே நாம் வளர்ந்தோம்.

நாம் படித்ததோ மிஷன் பாடசாலையில். அங்கே பார்வோன் மன்னன் கண்ட கனவும், கொழுத்த பசுக்கள் ஏழினை மெலிந்த பசுக்கள் ஏழு விழுங்கிய அக்காட்சிக்கு யோசேப்பு கூறிய விளக்கமும் பாடமாயின. வீட்டிலோ, அசோகவனத்தில் திரிசடை சீதைக்குச் சொன்ன கனவைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டோம். இரண்டு இடத்திலும் கனவு வெளியேயிருந்து வருவது, வருங்காலத்தை அறிவிப்பது. கனவு உள்ளேயிருந்தே வருகிறது, அது இனி நிகழப்போவதைச் சொல்வதன்று, நாம் மறந்ததையும் மறைத்ததையுமே பேசுகிறது என்னும் கருத்தை முதன்முதற் கேள்வியுற்றது சர்வகலாசாலைக்குச் சென்ற பின்னரே. அக்கருத்தை உலகறியச் செய்தவர் வியன்னா நகரத்து வைத்தியர் சிக்மண்ட் பிராய்ட் என்பதைப் பலரும் அறிவர். அவரிடம் ஒருநாளேனும் நேரிற் பாடங் கேட்டறியாமல், கல்கத்தா நகரின் சந்தொன்றிலே இருந்துகொண்டு, 1921 முதல் 1937 வரை அவருடன் கடித வாயிலாக உரையாடியும் முரண்பட்டும் வந்த ஒருவரை எம்மவர் அறிந்தது குறைவு. அவர்தாம் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ்.

கிரீந்திரசேகர் 1887 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் சந்திரசேகர் போஸ், பீகாரிலுள்ள தர்பங்கா மகாராசாவிடம் திவானாகப் பணியாற்றியவர். ஒன்பது பிள்ளைகளில் கிரீந்திரசேகரே கடைக்குட்டி. மூத்தவர்களில் ஒருவரான ராஜசேகர் போஸ், இரசாயன நிபுணராய்ப் பெரியதொரு மருந்துத் தொழிற்சாலையை நடத்தியதோடு, வங்க மொழிக்கு அகராதி தொகுத்தார். பரசுராம் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகளும் எழுதினார். சத்யஜித் ராய் 1965 இல் எடுத்த மகாபுருஷ் என்ற படம் இவருடைய கதையே. போலிச் சாமியாரை எள்ளி நகையாடும் அக்கதையை எழுதியவரே இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் வங்க உரைநடையிற் சுருக்கித் தந்தார் என்பது கருதத்தக்கது. பழமையைப் போற்றுவதும் பழமையின் பெயரால் நடக்கும் பித்தலாட்டத்தைச் சிரிப்பதும் அக்குடும்பத்தில் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

தம்பியாருக்கு இளமையில் நாட்டம் சென்றதோ கண்கட்டு வித்தையிலும் மனோவசியத்திலும். கல்லூரி மாணவராயிருந்தபோதே பிறரை அறிதுயிலில் ஆழ்த்தும் முறையைப் பழகிக்கொண்டார். 1910 இல் கல்கத்தா வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்று வைத்தியம் பார்க்கத் தொடங்கியபின், வேடிக்கைக்காகக் கற்ற அவ்வித்தை நோயாளரிடத்துப் பயன்படலாயிற்று. உடலிலே எக்குறையுமின்றிக் கை முடங்கியோர், கழுவிய கையையே நாள் முழுதும் கழுவுவோர், காரணமின்றி அஞ்சுவோர் என்று எந்த வைத்தியரிடமும் சிலர் வருவரன்றோ? மருந்து அவர்களைத் தொடுவதில்லை. பிராய்டும் தொடக்கத்தில் அறிதுயிலையே கையாண்டு, பின் அதைக் கைவிட்டவர். வியன்னாவிற் பிறந்த புதிய கொள்கையைப் பற்றிய செய்திகள் துண்டு துண்டாகக் கல்கத்தாவை எட்டிய காலத்தில், அங்கே இளம் வைத்தியர் ஒருவர் தம் சொந்த அனுபவத்தைக் கொண்டு ஏறத்தாழ அதே வழியில் நடந்துகொண்டிருந்தார்.

அக்கொள்கையை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். மனத்தின் ஒரு பகுதியே நமக்குத் தெரிவது. தெரியாத பகுதி பெரிது. அதனை நனவிலி மனம் என்பர். வெளியே சொல்ல நாணுகின்ற, நமக்கு நாமே ஒப்புக்கொள்ளவும் அஞ்சுகின்ற ஆசைகள் அங்கே அமுக்கப்படுகின்றன. அமுக்கப்பட்டவை அழிவதில்லை. அவை வேடம் புனைந்து வெளிவரும். நோயின் குறிகளாகவும், வாய்தவறி வருஞ் சொற்களாகவும், யாவற்றிலும் மேலாகக் கனவாகவும் வரும் என்றார் பிராய்ட். அவர் எழுதிய கனவு விளக்க நூல் 1899 நவம்பரில் வெளியாயிற்று. பதிப்பகத்தார் அதன் முகப்பில் 1900 என்று அச்சிட்டனர்.

இது மேனாட்டாருக்குப் புதுமையாகத் தோன்றியிருக்கலாம். மாசி மாதத்திற் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்த எமக்கு அவ்வளவு புதுமையன்று. காமனைச் சிவபெருமான் நெற்றிக்கண்ணால் எரிக்கிறார். ஊரே அழுகிறது. கொடும்பாவி கட்டியதுபோல் ஒரு சாவு வீடு நடக்கிறது. பின்னர் ரதி வேண்ட, காமன் மீண்டும் உயிர் பெறுகிறான். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான், பிறர்க்கு உருவமில்லை, ஆகவே அவனுக்கு அனங்கன் என்று பெயர். எரித்த ஆசை இறக்கவில்லை, உருவிழந்து உலவுகிறது. உளப்பகுப்பாய்வு நூல்களை நாம் முதன்முதற் படித்து விளங்காமல் விழித்த நாளில், எமது தோட்டத்துக் காமன் கம்பம் நினைவுக்கு வந்த பின்னரே அமுக்கம் என்ற சொல்லுக்குப் பொருள் விளங்கிற்று.

கல்கத்தாச் சர்வகலாசாலையில் சேர் அசுதோஷ் முகர்ஜியின் ஊக்கத்தால் மனோதத்துவத்துக்கெனத் தனிப்பகுதி தோன்றியபோது, வைத்தியத் தொழிலில் நன்கு ஊன்றிவிட்ட போஸ், முப்பது வயதில் மீண்டும் மாணவராகி, 1917 இல் அத்துறையிற் பட்டம் பெற்றார். அங்கேயே விரிவுரையாளருமானார். 1921 இல் அமுக்கம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சி நூலுக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அந்நூலின் பிரதியொன்றை அவர் வியன்னாவுக்கு அனுப்பினார். முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து, அதுவும் இத்துணைத் தொலைவிலிருந்து, தமது கொள்கையை நன்குணர்ந்த நூல் வந்தது கண்டு வியப்பும் மகிழ்ச்சியும் தெரிவித்துப் பிராய்ட் மறுமொழி எழுதினார்.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்ததொன்று சுவையானது. பரசுராமின் கதைகளுக்குச் சித்திரந் தீட்டிய ஜதீந்திரகுமார் சென் என்ற ஓவியர் பிராய்டின் படத்தையேனும் கண்டவரல்லர். அவருடைய எண்ணங்களிலிருந்து முகம் எப்படியிருக்கும் என்று ஊகித்து ஒரு படம் வரைந்தார். போஸ் அதனைப் பிராய்டுக்கே அனுப்பிவைத்தார். உண்மைப் படமொன்றும் கேட்டார். படத்தைக் கண்ட பிராய்ட், தம்மை முழு ஆங்கிலேயனாகவே ஆக்கிவிட்டார்கள் என்று தம் தோழியொருவருக்கு எழுதிச் சிரித்தார். பிராய்ட் யூத குலத்தவர். ஆங்கிலேயருக்கும் அவருக்கும் முகத்தில் ஒற்றுமை குறைவு. ஆயினும் கல்கத்தா ஓவியரை நாம் குறை கூறமாட்டோம். பெரிய மனிதர் என்றதும் வெள்ளைக்காரத் துரையின் முகமே எமது லயத்தாரின் மனத்திலும் நெடுங்காலம் எழுந்தது. நனவிலி மனத்துக்கு இதுவும் ஒரு சான்றே.

அவ்வாண்டே, அதாவது 1922 இல், இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் போஸின் இல்லமாகிய பார்சி பாகான் சந்து 14 ஆம் இலக்க வீட்டில் நிறுவப்பட்டுச் சர்வதேசச் சங்கத்துடன் இணைக்கப்பட்டது. பாரிஸ் மாநகரில் இத்தகைய சங்கம் தோன்றியது 1926 இல்தான் என்றால் கல்கத்தாவின் முந்துகை விளங்கும். தொடக்க உறுப்பினர் பதினைவர். பெரும்பாலோர் கல்லூரி ஆசிரியர். இராணுவ வைத்தியப் பகுதியைச் சேர்ந்த சிலரும் இருந்தனர். அவர்களுள் ஒருவர் ராஞ்சி மனநோய் வைத்தியசாலையை நடத்திய ஓவன் பார்க்லி ஹில் என்னும் ஆங்கிலேயர். அவர் மலபாரிற் பிறந்த இந்துப் பெண்ணொருத்தியை மணந்தவர். எனினும் இந்துக்களின் சமயமும் குணமும் ஒருவகைப் பிள்ளைப் பருவக் கோளாறு என்று பொருள்படக் கட்டுரை எழுதியவரும் அவரே. டேலி என்ற மற்றொரு அதிகாரியும் அத்தகைய கருத்தினரே. ஆளும் இனத்தார் ஆளப்படும் இனத்தை நோயாளியாகக் கண்டனர் என்று சுருங்கச் சொல்லலாம்.

அச்சங்கத்துக்குத் தலைவர் யார்? வெள்ளை வேட்டியும் சட்டையும் உடுத்து, நேரந் தவறாமையில் எவரையும் விஞ்சி நின்ற கிரீந்திரசேகர் போஸே, அன்று முதல் இறக்கும் வரை தலைவர். அவர் அக்கட்டுரைகளுக்காக மேசையைத் தட்டிச் சண்டையிடவில்லை. அதை நாம் முதலிற் படித்தபோது எமக்குச் சினமே வந்தது. பின்னர் அவருடைய எழுத்துக்களைத் தொடர்ந்து பார்த்தபோது, அவர் வேறு வழியிற் பதில் சொன்னார் என்று தோன்றிற்று. ஐரோப்பிய நோயாளரைக் கொண்டு வகுத்த விதிகள் எங்கும் பொருந்துமா என்று தம் நோயாளரை வைத்தே அளந்து பார்த்தார். பொருந்தாவிடத்துப் பொருந்தவில்லை என்று எழுதினார். எழுதியதை நேரே மூலவருக்கே அனுப்பினார்.

அவருடைய சொந்தக் கொள்கையை எமது தோட்டத்துப் பிள்ளைகளின் விளையாட்டொன்றால் விளக்கலாம். ஒருவன் துரை, ஒருவன் கணக்கப்பிள்ளை, ஒருவன் கங்காணி, எஞ்சியோர் ஆட்கள். துரையாக நின்றவன் மற்றவர்களை ஏசுவான், விரட்டுவான், அரைப்பேர் போடுவான். சிறிது நேரத்தில் முறை மாறும். ஏச்சுக் கேட்டவன் துரையாவான். துரையாக இருக்கவே யாவரும் விரும்புவர் என்று எண்ணுவோம். ஆனால் ஆளாக நின்று ஏச்சு வாங்கும் முறையையும் பிள்ளைகள் வெறுப்பதில்லை என்பதை உற்று நோக்கியோர் அறிவர். போஸ் கூறுவது இதுவே: ஆசை எதுவும் தனியே பிறப்பதில்லை, ஒவ்வோர் ஆசைக்கும் நேர் எதிரான ஆசையொன்று கூடவே பிறக்கிறது. அடிக்கும் ஆசையுடன் அடிபடும் ஆசை. அன்பு செய்யும் ஆசையுடன் அன்பு செய்யப்படும் ஆசை. ஒன்று நனவில் எழும்போது மற்றது அடியிற் போய்விடும். பலகையின் நடுவே முட்டுக் கொடுத்து இருபுறமும் பிள்ளைகள் அமர்ந்து ஏறி இறங்குவார்களே, அதனையே போஸும் உவமையாக எடுத்தாண்டார்.

பிராய்டின் கருத்துப்படி ஆசையை அமுக்குவது சமூகத்தின் கட்டுப்பாடும் தந்தையிடத்து அச்சமும். போஸோ, அமுக்குவது வெளியாளன்று, எதிர் ஆசையே என்றார். ஒரே கயிற்றை இருபுறமும் சமபலத்தோடு இழுத்தால் கயிறு அசையாது. இழுப்போர் மட்டும் களைத்துப்போவர். அக்களைப்பே நோய். ஆகவே அவரிடம் வந்த நோயாளி சாய்மனைக் கதிரையிற் சாய்ந்து மனத்தில் வந்ததைச் சொல்லுவார், வைத்தியர் கேட்பார், பின்னர் எதிராளியின் நிலையில் தம்மை வைத்துக் கற்பனை செய்யுமாறு தூண்டுவார். ஏசப்பட்டவர் ஏசுபவராகவும், அஞ்சியவர் அச்சுறுத்துபவராகவும் மாறி மாறி நின்று பார்க்கும்போது இரு ஆசைகளும் வெளிச்சத்துக்கு வந்து ஒன்றையொன்று விட்டுவிடும் என்பது அவருடைய துணிபு.

கனவு பற்றி அவர் 1928 இல் வங்க மொழியிலேயே ஸ்வப்ன என்னும் நூலை எழுதினார். ஆங்கிலம் அறியாத தம் மக்களும் இதனை அறியவேண்டும் என்று கருதியிருத்தல் வேண்டும்.

எமக்கு அடிக்கடி வரும் கனவொன்றை இவ்விடத்திற் கூறுவதை மூத்தோர் பொறுத்தருள்க. சர்வகலாசாலை விடுதியில் உறங்கும்போது, பிரட்டுத் தப்பு அடிப்பது கேட்கும். செக்ரோலில் பேர் கூப்பிடுகிறார்கள். எமது பேர் வரப்போகிறது. பால் வாளியைக் காணோம். லயத்திலிருந்து ஓடுகிறோம்; பாதை நீள்கிறது; கங்காணி புத்தகத்தை மூடுகிறார். நாம் வாழ்நாளில் ஒரு நாளும் பிரட்டுக்குப் போனவரல்லோம். இறப்பர் மரத்திற் கத்தி வைத்தவரல்லோம். அதற்காகவே பெற்றோர் எம்மைப் படிக்க அனுப்பினர். இது வெறும் அச்சக் கனவு என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். போஸின் கொள்கையைப் படித்த இரவில், தோட்டத்தை விட்டுப் போகும் ஆசையின் மறுமுனையில் அமர்ந்திருப்பது யார் என்ற கேள்வி எழுந்தது. தகப்பனாரின் பேருக்குக் கீழே எமது பேரும் அப்புத்தகத்தில் இருக்கவேண்டும் என்ற ஆசையா? சிறிது நேரம் மேற்கொண்டு வாசிக்க இயலவில்லை.

போஸ் 1929 இல் தம் மாறுபாட்டை வெளிப்படையாகப் பிராய்டுக்கு எழுதினார். ஆண்மையை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தை ஆடவர் மனத்தின் அடித்தளத்தில் மிகுதியாகக் கண்டவர் பிராய்ட். இந்திய ஆடவரிடத்து அவ்வச்சம் அத்துணை கூர்மையாயில்லை, பெண்ணாக இருக்கும் விருப்பமோ எளிதில் மேலெழுகிறது, அச்சத்துக்கு அடியிலிருப்பது அவ்விருப்பமே என்றார் போஸ். இளைஞர் சிலர் இதைப் படித்து நகைக்கக்கூடும். மணிவாசகப் பெருமான் திருவெம்பாவையைக் கன்னியர் வாயால் பாடினார் அல்லவா? நாயகி பாவத்திலே கசிந்துருகிய ஆடவர் எத்தனை பேர்? அர்த்தநாரீசுவர வடிவத்தை வணங்குவோர்க்கு இதில் நாணம் ஏன்? எமது காமன் கூத்தில் ரதியாகச் சேலை கட்டி ஆடுபவரும் பகலில் மண்வெட்டி பிடிக்கும் ஆண்மகனே. அவரை எவரும் ஏளனஞ் செய்வதில்லை.

பிராய்டின் மறுமொழி மரியாதையானது; இணக்கமானதன்று. இந்திய நோயாளருக்கும் ஐரோப்பியருக்கும் போஸ் காட்டிய வேறுபாடு தம்மைச் சிந்திக்க வைத்தது என்றார். ஆனால் எதிர் ஆசைக் கொள்கை ஒழுங்கான வடிவத்தைக் காட்டுகிறதேயன்றி மனத்தின் இயங்கு விசையைக் காட்டவில்லை என்ற கருத்துப்படக் குறை கூறினார். அக்குறை முற்றிலும் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். எல்லாவற்றுக்கும் எதிரிணை உண்டென்று தொடங்கிவிட்டால் எதிரிணை காணாத இடமேது? எனினும், உலகமே வணங்கிய ஒருவரிடம், பணிவு குன்றாமலும் தன் கருத்தை விடாமலும் எழுதிய இவ்வங்கரின் நிமிர்ந்த தன்மை எமக்குப் பெரிதும் பிடித்திருக்கிறது.

கொள்கையைவிட எம்மை மிகவும் நெருங்கியது அவருடைய வைத்தியப் பணியே. நாம் சிறுபிள்ளையாயிருந்தபோது லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒருவர் இருந்தார். நல்ல பால் வெட்டுக்காரர். மனைவி இறந்தபின் பேச்சை நிறுத்திவிட்டார். இரவில் மட்டும் தனியே பேசுவார். பேய் பிடித்துவிட்டதென்று கோடாங்கியை அழைத்தனர். உடுக்கு அடித்தார்; வேப்பிலையால் அடித்தார். பின்னர் தூரத்து வைத்தியசாலையொன்றுக்குக் கொண்டு சென்றனர். அங்கே அவர் மொழியைப் பேசுவார் எவருமில்லை. கேட்க நேரமும் இல்லை. குளிசை கொடுத்துத் திருப்பியனுப்பினர். கதவை வெளியே பூட்டி வைத்தார்கள். பிள்ளைகளாகிய நாம் அந்தக் கதவைத் தட்டிவிட்டு ஓடுவோம். ஒன்று மட்டும் கோடாங்கியின் பக்கம் சொல்லவேண்டும்: நீ யார், உனக்கு என்ன வேண்டும் என்று அவராவது கேட்டார். கேட்டது பேயை; மனிதனையன்று.

போஸ் 1933 இல் கல்கத்தாவிலே, பிற்காலத்தில் ஆர். ஜி. கார் என்று பெயர் பெற்ற கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியின் பொது வைத்தியசாலையில், மனநோயாளருக்கு வெளிநோயாளர் பகுதியொன்றைத் திறந்தார். பொது வைத்தியசாலையொன்றினுள் இத்தகைய பகுதி அமைந்தது இந்தியாவில் இதுவே முதல். அதற்கு முன் மனநோயாளி என்றால் உயர்ந்த மதிலும் இரும்புக் கதவுமுள்ள தனி இடமே. காய்ச்சற்காரரும் கால் முறிந்தவரும் வரிசையில் நிற்கும் அதே வாசலால் மனம் நொந்தவரும் வந்து, மாலையில் வீடு திரும்பலாம் என்றாயிற்று. 1940 இல் அண்ணன் ராஜசேகர் தில்ஜலாவில் நிலமும் வீடும் அளிக்க, மூன்றே கட்டில்களுடன் லும்பினி பார்க் மனநோய் வைத்தியசாலை தொடங்கிற்று. புத்தர் பிறந்த வனத்தின் பெயரை ஒரு மனநோய் இல்லத்துக்கு இட்ட நுட்பம் எமது சபரகமுவ வாசகருக்குச் சொல்லாமலே விளங்கும். எல்லா நோயும் அங்கே தீர்ந்துவிடவில்லை. 1942 இல் நோயுற்றுப் பேச்சிழந்த கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமை அங்கே வைத்துப் பார்த்தும் குணங்காண இயலவில்லை. அவருடையது மூளையையே பற்றிய நோய். பேசிக் கேட்பதால் மாறுவதன்று.

போஸின் மற்ற முயற்சிகளும் பல. கீதைக்கு மனோதத்துவ நோக்கில் வங்க மொழியில் உரை எழுதினார். புராணங்களின் காலக் கணக்கை ஆராய்ந்து புராணப் பிரவேசம் என்ற நூலை 1934 இல் வெளியிட்டார். சிவப்பெறும்புக்கும் கறுப்பெறும்புக்கும் நடந்த போரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு லால் காலோ என்றொரு கதையும் எழுதினார். எதிரிணையை அங்கும் விடவில்லை போலும்! நனவு, கனவு, உறக்கம் என்று அவத்தைகளை எண்ணிய நாட்டிலே பிறந்தவருக்கு உள்நோக்கிப் பார்த்தல் அந்நியக் கலையாகத் தோன்றவில்லை. 1947 இல் சங்கத்தின் சார்பில் சமீக்ஷா என்னும் சஞ்சிகையைத் தொடக்கினார். 1949 இல் சர்வகலாசாலைப் பணியிலிருந்து இளைப்பாறினார்.

அவருடைய புகழ் அவருக்குப்பின் வங்கத்துக்கு வெளியே பெரிதும் மங்கிற்று. பிராய்டின் முடிபுகள் பலவும் இன்று ஆராய்ச்சியாளரால் ஏற்கப்படுவதில்லை. சிக்காகோவில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறக்கத்தின் சில வேளைகளில் மூடிய இமையின் கீழ் விழிகள் விரைந்து அசைவதையும், அவ்வேளையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொல்வதையும் 1953 இல் வெளியிட்டபின், கனவு ஆராய்ச்சி மூளையின் பக்கமாகத் திரும்பியது. கனவு எப்போது வருகிறது என்பதை அவர்கள் விளக்கினர். எமக்கு ஏன் பால் வாளி காணாமற் போகிறது என்பதை அக்கருவிகள் சொல்லமாட்டா.

அவர்கள் அதனை வெளியிட்ட அதே ஆண்டில், ஜூன் 3 ஆந் திகதி, போஸ் கல்கத்தாவிற் காலமானார்.

பிராய்டின் 75 ஆவது பிறந்தநாளை முன்னிட்டு 1931 இல் கல்கத்தாச் சங்கத்தார் தந்தத்தாற் செய்த விஷ்ணு சிலையொன்றை வியன்னாவுக்கு அனுப்பியிருந்தனர். கடவுள் நம்பிக்கை அற்றவரான பிராய்ட் அதனை மகிழ்ந்து ஏற்றுத் தம் எழுது மேசையில் வைத்துக்கொண்டார். சில காலத்தில் தந்தத்திலும் மரத்திலும் வெடிப்புக் கண்டது. கல்கத்தாவிலே பழகிய கடவுளுக்கு வியன்னாவின் சுவாத்தியம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அவர் வேடிக்கையாகக் கேட்டாராம். 1938 இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவினுட் புகுந்தபின் முதியவர் நாட்டை விட்டு இலண்டனுக்குப் போக நேர்ந்தது. சேகரித்த சிலைகளும் அவரைத் தொடர்ந்து சென்றன. மறு ஆண்டு செப்டெம்பரில் அவர் இறந்தார். அவ்வீடு இன்று நூதனசாலை. விஷ்ணுவும் அங்கே இருக்கிறார். அனுப்பியவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை.